புது ஏர் ரைஃபிள்: கையில் எடுத்ததும் தோன்றியது, சுட்டுப் பார்த்ததும் தெரிந்தது

காங்கேயத்தான்:
துப்பாக்கி வந்து சேர்ந்தாச்சுங்க. உள்நாட்டுத் தயாரிப்பு, 4.5 மி.மீ. துளை, குழாயை மடித்து இழுக்கிற ஸ்பிரிங் வகை (இழுத்தால் ஸ்பிரிங் இறுகும், ட்ரிகரை இழுத்ததும் அது பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் அமுக்குகிற காற்று குண்டைத் தள்ளும்). பீச் மரக் கட்டை. குறிபார்க்கிற தொலைநோக்கி, அதாவது ஸ்கோப்பும் கூடவே வாங்கினேன். கடையில் ஆதார், பான் நகல் கேட்டார்கள், கொடுத்தேன்.

முதலில் கையில் எடுத்தால் கனம்தான் தெரிகிறது. ஸ்கோப்போடு நாலு கிலோவுக்குப் பக்கம் வருகிறது, அந்தக் கனமும் முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஆரம்பத்தில் சங்கடமாக இருந்தது. சுடச் சுடத்தான் புரிந்தது, முன்கனம் இருப்பதால்தான் குழாய்முனை சும்மா ஆடாமல் நிற்கிறது. கட்டையின் கன்னம் வைக்கும் இடத்தை நன்றாக இழைத்திருக்கிறார்கள். குழாயின் கருப்புப் பூச்சில் குறை இல்லை. மடித்த குழாயைத் திரும்ப மூடும்போது "டக்"கென்று ஒரே சத்தம், மூடிய பிறகு பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் துளி அசைவு இல்லை. இந்த வகைத் துப்பாக்கியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே தளர்வு இருந்தால் மற்ற எதுவும் சரியாக இருந்து பயன் இல்லை.

ட்ரிகர் இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டம் லேசு, அப்புறம் ஒரு சுவர் மாதிரி நிற்கிறது, அங்கிருந்து கொஞ்சம் இழுவை அதிகம். திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்று கையேட்டில் இருக்கிறது. இப்போதைக்குத் தொடவில்லை. கொஞ்சம் ஓடட்டும்.

தோட்டத்தில் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு)ப் பின்னால் மண்மேட்டைப் பார்த்தபடி 10 மீட்டரில் ஆரம்பித்தேன். முதல் சில குண்டுகளுக்குக் குழாய்முனையில் புகை, எண்ணெய் கருகிய வாசம், சத்தமும் பட்டாசு மாதிரி. கட்டுத்தரையில் மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. அப்புறம் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது, குண்டு விழுகிற இடமும் ஒன்றுசேர ஆரம்பித்தது. முதல் டப்பா தீரும்போது 10 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிட்டன. 25 மீட்டரில் அந்த அளவுக்கு வரவில்லை, உள்ளங்கை அகலத்துக்குப் பரவுகிறது.

சந்தேகம் மூன்று. 25 மீட்டரில் பரவுவதற்குக் காரணம் நானா, குண்டா, ஸ்கோப்பா? ட்ரிகரை இப்போதே சரிசெய்யலாமா? பெட்டியில் நொடிக்கு 1000 அடி வேகம் என்று போட்டிருப்பது நிஜமா?

அப்புறம் ஒன்று. பெட்டியில் வேட்டைத் துப்பாக்கி என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் வாங்கியது அதற்கு இல்லை. காகிதத்துக்குத்தான். எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கொரங்காடு (மேய்ச்சல் நிலம்), கிளுவை வேலி நெடுகக் கௌதாரியும் முயலும் ஓடும். அதெல்லாம் அப்படியே ஓடட்டும்.

ஆழியாறு:
வாழ்த்துகள் தம்பி. குழாய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்தீர்களே, அது சரியான பழக்கம்.

புகையைப் பற்றி யோசிக்க வேண்டாம். தொழிற்சாலையில் உள்ளே வைத்த கிரீஸ், பிஸ்டன் காற்றை அமுக்கும்போது வருகிற சூட்டில் எரிகிறது. டீசல் என்ஜின் வேலை செய்கிற அதே தத்துவம். ஒவ்வொரு குண்டுக்கும் எரிவது கூடக் குறைய இருப்பதால் வேகமும் ஏறி இறங்கும். அதனால் அந்தச் சமயத்தில் ஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு உட்காருவது வீண். கிரீஸ் எரிந்து தீரட்டும், பிறகு ஜீரோ செய்யுங்கள், அதாவது குறிவைக்கிற இடத்திலேயே குண்டு விழுகிற மாதிரி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். புகை நின்றதும் யாராவது "எண்ணெய் விடு" என்பார்கள். காற்று வருகிற துளையில் தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் விடாதீர்கள். மறுபடி எரியும், சீல் போகும், ஸ்பிரிங்கும் உடையலாம். குழாய் மடிகிற கீலுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் போதும்.

குண்டு போடாமல் வெறுமனே சுடவே கூடாது. குண்டு இருந்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தையாக நிற்கும். இல்லையென்றால் இரும்பு இரும்பில் போய் மோதும். இழுத்து வைத்துவிட்டு நேரக்கணக்கில் விட்டுவிடுவதும் தப்பு. குண்டு போடும்போது மடிந்த குழாயை இன்னொரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே போடுங்கள். ட்ரிகர் பூட்டு விட்டுவிட்டால் குழாய் படாரென்று மூடும். விரல் அங்கே இருந்தால் அவ்வளவுதான்.

இனி 25 மீட்டர் விஷயம். எப்படிப் பிடிக்கிறீர்கள்? இறுக்கித் தோளில் அழுத்திப் பிடிக்கிறீர்களா?

காங்கேயத்தான்:
ஆமாங்கண்ணா, மணல் மூட்டை மேல் குழாயை வைத்து, தோளில் நன்றாக அழுத்தித்தான் சுட்டேன்.

ஆழியாறு:
அங்கேதான் இருக்கிறது விஷயம். தோட்டா போடுகிற துப்பாக்கிக்குப் பழகியவர்கள் எல்லாருக்கும் இது நடக்கும். ஸ்பிரிங் வகையில் குண்டு குழாயை விட்டுப் போவதற்கு முன்பே துப்பாக்கி நகர ஆரம்பித்துவிடுகிறது. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னால் போகும். இரண்டு பக்கமும் உதைக்கும் என்று சொல்வது இதைத்தான். நீங்கள் இறுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இறுக்குவீர்கள், துப்பாக்கியும் ஒவ்வொரு மாதிரி துள்ளும். குண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

மூட்டை மேல் குழாயை நேராக வைக்காதீர்கள். இடது உள்ளங்கையை விரித்து மூட்டை மேல் வைத்து, அதன் மேல் கட்டை சும்மா உட்காரட்டும். விரலை மடக்கிப் பிடிக்க வேண்டாம். தோளில் பட்டும் படாமலும் இருக்கட்டும். வலது கையும் லேசாக. துப்பாக்கி தன் இஷ்டத்துக்குத் துள்ளட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துள்ளும். கை எந்த இடத்தில் இருந்தால் குண்டுகள் சேருகின்றன என்று முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு இடம் உண்டு. கிடைத்ததும் கட்டையின் அடியில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுவிடுங்கள்.

கட்டைத் திருகுகளையும் பாருங்கள். இந்தத் துள்ளலில் அதுவாகவே கழலும்.

புஞ்சைக்காடு:
குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்குத் தாராபுரம் பக்கம் காடு. மக்காச்சோளமும் கடலையும் போடுகிறேன். மயில் கூட்டம் கூட்டமாக வருகிறது. விதைத்த கடலையைக் கிளறித் தின்றுவிட்டுப் போகிறது, முளைத்ததை மிதிக்கிறது. தக்காளி போட்டால் பழத்துக்கு ஒரு கொத்து. ஒருநாள் இரண்டுநாள் சமாச்சாரம் இல்லை, வருஷம் பூரா. கொல்ல வேண்டாம், இந்த மாதிரித் துப்பாக்கியில் ஒரு குண்டு காலடியில் போட்டுப் பயமுறுத்தலாமா? லைசன்ஸ் வேண்டாம் என்கிறார்களே.

கோபி வாய்க்கால்:
கூடாதுங்க. இதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "லைசன்ஸ் வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நம் பக்கத்தில் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டு சட்டம் தனித்தனி. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள்படி துளை 4.5 மி.மீ.க்கு மேலே போனாலோ, குழாய்முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மேலே போனாலோ உரிமம் வேண்டும். அதற்குள் இருந்தால் வேண்டாம். அது துப்பாக்கி வைத்துக்கொள்வதைப் பற்றி மட்டும். அதைக்கொண்டு எதைச் சுடலாம் என்பது வேறு கணக்கு. அது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. காயப்படுத்துவது, பிடிப்பது, விரட்டுவது, பொறி வைப்பது, முயற்சி செய்வதுகூட வேட்டைதான். காலடியில் போட்டேன் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. 1963 முதல் தேசியப் பறவை. மாட்டினால் 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை சிறை. துப்பாக்கியும் போய்விடும். 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளைக் குறைத்தார்கள். முன்பு எலி, காக்கை, பழந்தின்னி வவ்வால் எல்லாம் தீங்குயிர் என்று தனியாக ஐந்தாம் அட்டவணையில் இருந்தன. இப்போது அந்த அட்டவணையே இல்லை. முயல், கௌதாரி, கிளி எதையும் தொட முடியாது. நம் சத்தியமங்கலம் மலை 2013-ல் புலிகள் காப்பகம் ஆன பிறகு அடிவார ஊர்களில் வனத்துறை ரோந்து எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

காட்டுப்பன்றிக்கு அரசு 2025 ஜனவரியில் ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்த பன்றியைச் சுடலாம் என்று. அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும், நாம் இல்லை.

காங்கேயத்தான்:
இதற்கு மேலே ஒன்று சேர்க்கிறேன் புஞ்சைக்காடு அண்ணா. சட்டத்தை விடுங்கள். அரை கிராம் ஈயக்குண்டு அது. மயில் மேல் பட்டால் உடனே சாகாது. உடம்பில் ஈயத்தோடு போய் எங்கேயோ வேலி ஓரத்தில் நாள்கணக்கில் கிடந்து சாகும். பன்றிக்குத் தோலைக்கூட ஒழுங்காகத் துளைக்காது. வலியும் கோபமும்தான் மிச்சம். உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது, எங்கள் கடலைக்காட்டிலும் இதே கதைதான். ஆனால் அதற்கு இது கருவி இல்லை.

புஞ்சைக்காடு:
சொன்னது சரிதானுங்க. ஆனால் மயிலைப் பற்றிப் பேசினால் எல்லாரும் தேசியப் பறவை என்கிறார்கள், விதைக்கடலை வாங்கின கடனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் கேட்டேன். வேறு எதையாவது செய்து பயன் கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆழியாறு:
உங்கள் ஆத்திரத்தில் தப்பே இல்லை. எங்கள் பக்கம் விதைப்பு முடிந்து முளைக்கிற வரைக்கும் நாலு பக்கமும் பழைய சேலையை மார்பு உயரத்துக்குக் கட்டுகிறோம். மயிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் இறங்கத் தயக்கம். பளபள நாடாவும் கட்டலாம், காற்றில் சத்தம் போடும். ஆனால் ஒரே இடத்தில் விட்டால் பத்து நாளில் பழகிவிடும், மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்வது நாய்தான். விடியற்காலையிலும் பொழுது சாய்கிறபோதும் காட்டைச் சுற்றி வருகிற ஒரு நாட்டுநாய் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். சேதத்தைப் படம் எடுத்து வனத்துறையில் மனுவாகவும் கொடுத்து வையுங்கள். எழுத்தில் இருந்தால்தான் நாளைக்குப் பேச முடியும்.

பத்து மீட்டர்:
நான் கோவையில் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவள். அந்தப் போட்டித் துப்பாக்கிகளில் இப்போது அழுத்தக் காற்று சிலிண்டர்தான், உதையே கிடையாது. அதனால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் சில பழக்கங்கள் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ட்ரிகர் இழுத்ததும் கண்ணை எடுக்காதீர்கள். குண்டு காகிதத்தில் பட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டு இருங்கள், விரலும் பின்னாலேயே இருக்கட்டும். ஸ்பிரிங் வகையில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ட்ரிகர் இழுத்ததிலிருந்து குண்டு குழாயை விட்டுப் போகிற வரைக்கும் ஆகிற நேரம் அதில் அதிகம். பாதிப் பேருக்குக் குறி தவறுவது இங்கேதான்.

காகிதத்துக்குத் தட்டைத் தலைக் குண்டு வாங்குங்கள். பஞ்சிங் மெஷினில் குத்தின மாதிரி வட்டமாக ஓட்டை விழும், எண்ணிப் பார்க்கச் சுலபம். 25 மீட்டருக்கு உருண்டைத் தலைதான் சரி. தட்டைத் தலை காற்றைத் தள்ளிக்கொண்டு போவதால் தூரத்தில் தடுமாறும். ஒரே வகையை மூட்டையாக வாங்கிவிடாமல் மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கிப் பாருங்கள். ஒரு குழாய்க்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. பாவாடை (குண்டின் பின்பக்க விளிம்பு) நசுங்கின குண்டு இருந்தால் எடுத்துத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

எங்கள் போட்டி இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதே இலக்கில்தான். அந்த அட்டையை வாங்கி 10 மீட்டரில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். தகரடப்பாவை விழுத்துவதை விட நூறு மடங்கு கற்றுக்கொடுக்கும்.

அப்புறம் காற்று. நீங்கள் காங்கேயம். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் 25 மீட்டரில் குண்டு இரண்டு மூன்று விரற்கடை தள்ளிப் போகும். ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் சுட்டுவிடுங்கள், இல்லையென்றால் துப்பாக்கியைக் குறை சொல்வீர்கள்.

காங்கேயத்தான்:
எல்லாருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் திருகு. கட்டையின் முன்பக்கத் திருகு இரண்டும் அரைச் சுற்றுக்கு மேல் கழன்று இருந்தன. கழற்றித் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கிற பசையான நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விட்டு முடுக்கினேன். இப்போது ஸ்பிரிங் அதிர்வுச் சத்தம்கூடக் குறைந்திருக்கிறது.

அடுத்து பிடிப்பு. அண்ணா சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை, இவ்வளவு கனமான சாமானை இவ்வளவு லேசாகப் பிடித்தால் எப்படி நேராகப் போகும் என்று. உள்ளங்கையை ட்ரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால் வைத்து, தோளில் சும்மா தொடவிட்டுச் சுட்டேன். ஸ்கோப்பில் பார்க்கும்போது துப்பாக்கி துள்ளி, தானாகவே திரும்பக் குறியிலேயே வந்து நிற்கிறது. 25 மீட்டரில் ஐந்து குண்டும் இரண்டு விரல் அகலத்துக்குள் விழுந்துவிட்டன. அதே குண்டு, அதே ஸ்கோப். கையை முன்னால் நகர்த்தினால் மேலே ஏறுகிறது. பென்சில் கோடும் போட்டாச்சு.

குண்டு வகையில் 8.4 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) உருண்டைத் தலைதான் இந்தக் குழாய்க்குப் பிடிக்கிறது. 7 கிரெயின் தட்டைத் தலை 10 மீட்டரில் அழகாக ஓட்டை போடுகிறது, 25-க்குப் போனதும் பரவுகிறது. 10.5 கிரெயின் கனக் குண்டு சோம்பலாகப் போய்க் கீழே விழுகிறது, ஸ்பிரிங்குக்கு அது பாரம்.

வேகம் பார்க்க நண்பர் ஒருவரிடம் குண்டின் வேகத்தை அளக்கிற குரோனோகிராஃப் கருவி வாங்கி வந்தேன். 8.4 கிரெயினுக்கு நொடிக்கு 240 மீட்டர் அளவில் வருகிறது. 0.544 கிராம் குண்டுக்கு அது ஏறத்தாழ 15.7 ஜூல். பெட்டியில் போட்டிருக்கிற 1000 அடி என்பது நொடிக்கு 305 மீட்டர். ஐந்து கிரெயின் அளவு லேசான கலப்பு உலோகக் குண்டு போட்டால் அதற்குப் பக்கத்தில் வரலாம். ஆனால் அந்தக் குண்டில் நேர்த்தி வராது. இந்த 8.4 கிரெயின் 20 ஜூலைத் தொட வேண்டுமென்றால் 271 மீட்டர் வேகம் வேண்டும். அதனால் சட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறேன். ஸ்பிரிங்கை மாற்றி வேகம் கூட்டலாம் என்று கடைக்காரர் ஒருவர் ஆசை காட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒப்பிட்டுச் சொன்னால், இங்கிலாந்தில் உரிமம் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, நம் கணக்கில் 16.3 ஜூல். ஜெர்மனியில் 7.5 ஜூல்தான். இங்கிலாந்தில் அந்த 12-ஐ வைத்துக்கொண்டு முயலும் புறாவும் சுடுகிறார்கள், அது அவர்கள் ஊர்ச் சட்டம். பெட்டியில் இருக்கிற வேட்டை என்ற சொல் அந்தச் சந்தைக்காக அடித்தது. அதை நம் ஊரில் படித்துவிட்டு ஒரு பையன் வேப்பமரத்து மைனாவைக் குறிபார்க்கிறான் என்றால் அந்தப் பெட்டியை விற்பவர்களும் ஒரு வரி தமிழில் அச்சடித்து ஒட்டவேண்டும் என்பது என் கருத்து. கேட்டால் விற்பனை குறையும் என்பார்கள். குறையட்டும்.

கோபி வாய்க்கால்:
அந்த ஒரு வரிக்கு என் ஓட்டும் உண்டு.

பின்தடுப்பு என்ன வைத்திருக்கிறீர்கள்? மண்மேடு மட்டும்தானா? மேட்டில் கல் இருந்தால் குண்டு திரும்பி வரும். அந்தப் பக்கம் யாராவது ஆடு மேய்த்தால்?

காங்கேயத்தான்:
நல்ல கேள்வி. மண்மேட்டுக்கு அந்தப் பக்கமும் எங்கள் நிலம்தான், இருந்தாலும் அதை மட்டும் நம்பவில்லை. நம் ஊரில் தென்னை நார்க் கழிவை அழுத்தி 5 கிலோ கட்டியாக ஏற்றுமதிக்குச் செய்கிறார்களே, அதில் ஓரம் உடைந்தவை இரண்டு வாங்கிப் பலகைப் பெட்டிக்குள் நிறுத்தி, பின்னால் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறேன். குண்டு கட்டிக்குள்ளேயே புதைந்து நிற்கிறது, திரும்புவதில்லை. தென்னைமரத்தில் அட்டையை ஆணி அடித்துச் சுடுகிறார்கள் சிலர். மரத்துக்கும் கேடு, உருண்ட பரப்பில் பட்டுக் குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்றும் சொல்ல முடியாது.

குண்டு வாங்கின கட்டி நைந்துபோனதும் தோட்டத்தில் கொட்டிவிடக் கூடாது. நார்க்கழிவுதானே, எருவோடு சேரட்டும் என்று தோன்றும். அதற்குள் ஈயம் இருக்கிறது, மாட்டுக்கும் மண்ணுக்கும் விஷம். சல்லடையில் சலித்து ஈயத்தைத் தனி டப்பாவில் போட்டு வைக்கிறேன். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். குண்டை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற பழக்கம் நம் ஊர்ப் பெரியவர்களிடம் உண்டு, அதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஒரு காலைப் பொழுது கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டியும் விட்டேன். சத்தம் கேட்டு யாரும் பதற வேண்டாம் பாருங்கள்.

புஞ்சைக்காடு:
சேலை கட்டினோம். சாளைக்கு ஒரு குட்டிநாயும் வந்திருக்கிறது. கடலை முளைத்து வருகிறது, பார்ப்போம்.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். இதையெல்லாம் படித்துவிட்டுத் துப்பாக்கி கேட்கிறான். இடதுகைக்காரன். அவனுக்கு எது சரியாக இருக்கும்?

பத்து மீட்டர்:
அண்ணா, அவனுக்குத் துப்பாக்கி வாங்காதீர்கள், கிளப்பில் சேர்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் அவர்கள் துப்பாக்கியிலேயே சுடலாம், பார்த்துக்கொள்ள ஆளும் இருப்பார்கள். ஸ்பிரிங் வகையை இழுத்து மடக்க அந்த வயதில் கைப்பலம் போதாது, பாதி இழுத்து விட்டுவிட்டால் ஆபத்து. இடதுகைக்காரர்களுக்கென்றே கட்டை உள்ள போட்டித் துப்பாக்கிகளும் இருக்கின்றன. ஆனால் முதலில் எந்தக் கண் அவனுக்கு முதன்மைக் கண் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இரண்டு கையையும் நீட்டி நடுவில் சின்ன முக்கோண ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான் முதன்மைக் கண். எழுதுகிற கை இடதாக இருந்தும் வலது கண் முதன்மையாக இருக்கிறவர்கள் உண்டு, அவர்களை வலது தோளிலேயே பழக்குவோம்.

புஞ்சைக்காடு:
இப்போதே பார்க்கச் சொன்னேன். இடது கண்தானுங்க அக்கா.

பத்து மீட்டர்:
அப்போது இடது தோள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து வாருங்கள். அடையாள அட்டை நகலும் இரண்டு போட்டோவும் எடுத்து வாருங்கள். ஷூ போட்டு வரச் சொல்லுங்கள், செருப்பில் நின்று சுட விடமாட்டார்கள்.

காங்கேயத்தான்:
நானும் அன்றைக்கு வரட்டுமா அக்கா? ட்ரிகர் திருகைத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது திருப்பிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

பத்து மீட்டர்:
வாங்க. குண்டு போடாமல், உறைக்குள் வைத்து, கையேட்டையும் சேர்த்து எடுத்து வாங்க. இரண்டாம் கட்டத்தை ரொம்பக் குறைத்துவிட்டால் தட்டினாலே வெடிக்கும். கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்த்துத்தான் போக வேண்டும்.